ஆகஸ்டில் நழுவும் டேக்கிள்கள்: டிஃபென்ஸ் மோசமா, பயிற்சி மோசமா?

மகன் சேர்ந்திருக்கிற கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி ஆகஸ்டில் ஆடிய பயிற்சி ஆட்டத்தைப் போய்ப் பார்த்ததாகவும், டிஃபென்ஸ், அதாவது தடுக்கிற தரப்பு ஆட்கள், பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்க்கும் டேக்கிளில் பிடிப்பதும் விடுவதுமாக இருந்ததாகவும், அதிலும் ஓர் இரண்டாம் வருஷத்து சேஃப்டி (எல்லோருக்கும் பின்னால் நின்று கடைசியாகத் தடுப்பவன்) மட்டும் நான்கு முறை கோட்டை விட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். கூட வந்த நண்பர்களில் ஒருவர், "இந்தக் காலத்துப் பையன்களுக்கு டேக்கிளே தெரியாது, முட்டி மோதிப் பழகினால்தானே வரும்" என்கிறார். இன்னொருவர், "ஆகஸ்டைப் பார்த்து எதையும் சொல்லக்கூடாது" என்கிறார். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி.

இரண்டு பேரும் பாதிப் பாதி சரி, ஆனால் இரண்டு பேருமே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் எல்லோரும் ஆளும் ஆளும் மோதுகிற நொடியைத்தான் பார்க்கிறோம், அதற்கு ஒரு நொடி முன்னாலேயே விஷயம் கால்களில் முடிந்துபோயிருக்கும். மோதலை மட்டும் பார்த்தால் ஆகஸ்டில் ஒன்றும் புரியாது. காலைப் பார்த்தால் ஆகஸ்டிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

முதலில் நீங்கள் பார்த்தது என்ன ரகப் பயிற்சி என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதற்கு ஃபால் கேம்ப் என்று பெயர், இலையுதிர்காலம் என்பது பெயரில் மட்டும்தான், டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் அப்போது வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே டேக்கிளுக்குப் பல தரம் உண்டு. வெறும் ஹெல்மெட்டோடு வரும் நாளில் ஓடுகிறவனைக் கையால் தொட்டுவிட்டு விலகிவிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்தது தட். நெருங்கி வந்து மோதலாம், கட்டிப் பிடிக்கலாம், தரையில் மட்டும் சாய்க்கக் கூடாது, மோதிய சத்தம் கேட்டதும் விசில் (ஆங்கிலச் சொல்தான், நீங்கள் 'தட்டு' என்று தமிழாகவே எடுத்துக்கொண்டாலும் பெரிய தப்பில்லை). கடைசியாக லைவ், அதாவது நிஜ ஆட்டம் மாதிரி ஆள் கீழே விழும்வரை. ஒரே பயிற்சி ஆட்டத்தில் முதல் வரிசை ஆட்டக்காரர்களுக்குத் தட், மூன்றாம் வரிசைக்கு லைவ் என்று மாறி மாறி ஓடும், மைக்கில் யாரும் அறிவித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக் வேறு நிற ஜெர்சியில் நிற்பான், அவன் மேல் விரல் படக்கூடாது. முதல் ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பந்தோடு ஓடுகிற நம்பர் ஒன் ரன்னிங் பேக்கின் முழங்கால் மேல் தன் அணி ஆளே போய் விழுவதை எந்தக் கோச்சும் விரும்ப மாட்டார். இதனால் என்ன ஆகிறது? தட் நேரத்தில் டிஃபென்ஸ் ஆள் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துவிட்டு விட்டுவிடுகிறான், ஓடுகிறவன் விசிலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்னும் நாற்பது யார்டு ஓடி, புள்ளி கிடைக்கும் எண்ட் ஸோனில் பந்தை வைக்கிறான், ஸ்டாண்டில் கைதட்டல். உங்கள் கணக்கில் அது ஒரு தவறவிட்ட டேக்கிள். கோச்சின் கணக்கில் அது முடிந்த டேக்கிள்.

லைவ் ஏன் இவ்வளவு கம்மி என்றால், விதி அப்படி. 2017-லேயே ஒரே நாளில் இரண்டு வேளை மோதல் பயிற்சி நடத்துவதை, கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி போடும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. நிறுத்திவிட்டது. 2021-ல் இன்னும் இறுக்கியது. சீசனுக்கு முந்தைய 25 பயிற்சிகளில் முழுப் பேட் (உடம்புக் கவசம்) கட்டிக்கொண்டு செய்வது 9-க்கு மேல் போகக் கூடாது, ஒரு பயிற்சியில் முழு மோதல் 75 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஸ்க்ரிம்மேஜ், அதாவது அணி தனக்குள்ளேயே ஆடும் பயிற்சி ஆட்டம், இரண்டுதான், நேருக்கு நேர் ஓடி வந்து மோதுகிற ட்ரில்களுக்குத் தடை. காரணம் இல்லாமல் இல்லை. அதே வருஷம் பிப்ரவரியில் ஜாமா நியூராலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது, 6 கல்லூரிகளில் 658 ஆட்டக்காரர்களின் தலையில் விழும் அடிகளை 2015 முதல் 2019 வரை தொடர்ந்து பதிவு செய்த ஆய்வு. அதில் மூளை அதிர்ச்சிக் காயங்களில் 72 சதவீதம் ஆட்டத்தில் நடக்கவில்லை, பயிற்சியில் நடந்திருந்தது. சீசனுக்கு முந்தைய காலம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் காயங்களில் கிட்டத்தட்ட பாதி அதில் விழுந்திருந்தது. ஒரு புள்ளிகூடக் கிடைக்காத ஆட்டத்தில் பாதிக் காயம் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

உங்கள் முதல் நண்பர் தேடுவது பழைய ஓக்லஹோமா ட்ரில் என்று நினைக்கிறேன். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பட் வில்கின்சன் கோச்சாக இருந்த காலத்துச் சரக்கு. இரண்டு பக்கமும் பையைப் போட்டு நடுவில் குறுகலான ஒரு சந்து, சந்துக்குள் தடுப்பவனைத் தள்ளி வழி விடுகிற ஒரு பிளாக்கர், ஒரு டிஃபென்ஸ் ஆள், பின்னால் பந்தோடு ஒருவன். விசில் அடித்தால் முட்டல். சுற்றி நின்று மொத்த அணியும் கத்தும், பார்க்க ரத்தம் சூடாகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிஜ மைதானத்தின் அகலம் 53 யார்டு. அந்தச் சந்தில் ஜெயிப்பவன் யார் முரடன் என்பது தெரியும், திறந்த வெளியில் பத்து யார்டு இடைவெளி விட்டு ஒருவன் இரண்டு பக்கமும் வெட்டி ஓடக்கூடிய நிலையில் வரும்போது என்ன செய்வான் என்பது தெரியாது. கடந்த இருபது, இருபத்தைந்து வருஷமாக அஃபென்ஸ்கள், அதாவது பந்து வைத்திருக்கும் தரப்புகள், ஆட்களை அகலமாகப் பரப்பி நிற்க வைப்பதே இந்தத் தனி ஆள் டேக்கிளை வரவழைக்கத்தான். அந்தக் காலத்தில் நன்றாக டேக்கிள் செய்தார்கள் என்கிறோம். அந்தக் காலத்தில் பக்கத்திலேயே நாலு பேர் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

(முரட்டுப் பயிற்சியின் உச்சம் என்று 1954-ல் 'பேர்' பிரையன்ட் என்ற கோச் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் பையன்களை ஜங்ஷன் என்ற ஊருக்குக் கூட்டிப்போய்ப் பத்து நாள் வெயிலில் வதக்கியதைச் சொல்வார்கள். பாதிக்கு மேல் பையன்கள் ஓடிப்போனார்கள். அந்த வருஷம் அணி ஜெயித்தது 1, தோற்றது 9. இரண்டு வருஷம் கழித்துத் தங்கள் லீகில் சாம்பியன் ஆனார்கள் என்று உடனே சேர்த்துக்கொள்வார்கள், அதுவும் உண்மைதான்.)

சரி, அப்படியானால் மோதாமலேயே பழகிவிடலாமா என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது, உங்கள் முதல் நண்பருக்குச் சந்தோஷம் தரும் கதை. 2020 கொரோனா வருஷம். அமெரிக்கக் கடற்படை அகாடமியின் அணியான நேவியின் கோச் கென் நியுமடலோலோ, பையன்கள் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படக்கூடாது என்று நினைத்து, ஆகஸ்ட் முழுக்க ஆளோடு ஆள் மோதாமல் பொம்மைகளை வைத்தே பயிற்சி கொடுத்தார். செப்டம்பர் 7-ம் தேதி அனாபொலிஸில், ரசிகர்களே இல்லாத மைதானத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழக அணி வந்தது. நேவி 55-3 என்று தோற்றது. எதிரணி ஓட்டத்தில் மட்டும் சுமார் 300 யார்டு எடுத்தது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சி விஷயத்தில் தப்பு தன்னுடையது என்று கோச்சே ஒத்துக்கொண்டார், மோதல் பயிற்சியை மறுபடி ஆரம்பித்தார். அடுத்த ஆட்டம் டுலேன் பல்கலைக்கழகத்தோடு. பாதி ஆட்டத்தில் 24-0 என்று பின்னால் இருந்து கடைசி நொடியில் பந்தை உதைத்து எடுத்த ஃபீல்ட் கோலில் 27-24 என்று ஜெயித்தார்கள். இந்த இரண்டு வாரத்தைக் காட்டி, பார்த்தாயா, மோதினால்தான் வரும் என்று வாதாடுகிற ஆட்கள் இன்றைக்கும் உண்டு.

ஆனால் டார்ட்மத் கல்லூரியை என்ன செய்வது? பட்டி டீவன்ஸ் அங்கே கோச்சாக இருந்தபோது 2008-ல் பத்து ஆட்டத்திலும் தோல்வி, 2009-ல் இரண்டு வெற்றி. 2010-ல் அவர் பயிற்சியில் தன் ஆட்டக்காரனை இன்னொரு ஆட்டக்காரன் டேக்கிள் செய்வதையே நிறுத்தினார். ஆகஸ்டிலும் கிடையாது, வசந்தகாலப் பயிற்சியிலும் கிடையாது, வருஷம் முழுக்க. அந்த சீசனிலேயே 6 வெற்றி. அப்புறம் 2015, 2019, 2021 மூன்று வருஷமும், டார்ட்மத் உட்பட எட்டு அணிகள் ஆடும் ஐவி லீக்கின் பட்டத்தில் பங்கு. நடுவில் அந்தக் கல்லூரியின் பொறியியல் மாணவர்கள் ரிமோட்டில் ஓடும் ஒரு பொம்மையைச் செய்து கொடுத்தார்கள், ஆள் உயரத்தில், கீழே தள்ளினால் தானாக எழுந்து நிற்கும், மைதானத்தில் வளைந்து வளைந்து ஓடும், பையன்கள் அதைத் துரத்தித் துரத்திச் சாய்ப்பார்கள். 2016-ல் ஐவி லீக்கின் எட்டு கோச்சுகளும் சேர்ந்து சீசன் நடக்கும்போது பயிற்சியில் முழு டேக்கிள் வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு இவர் காட்டிய வழியே காரணம்.

நேவியும் பொம்மையைத்தான் பிடித்தது, டார்ட்மத்தும் பொம்மையைத்தான் பிடித்தது. என் கணக்கில் வித்தியாசம் இரண்டு. டார்ட்மத்தில் அது ஒரு பாடத்திட்டம், எந்தக் காலை எங்கே வைப்பது என்பதிலிருந்து ஆரம்பித்து வருஷக்கணக்கில் ஊறியது. நேவியில் அது ஒரு ஆகஸ்டின் அவசர ஏற்பாடு. இன்னொன்று, பொம்மையைப் பிடிக்கப் பழகலாம், ஆனால் பொம்மை உங்களை பிளாக் செய்யாது. ஆட்டத்தில் 130 கிலோ ஆள் ஒருவன் உங்கள் நெஞ்சுச் சட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது அவனிடமிருந்து பிய்த்துக்கொண்டு வந்து, அதற்கப்புறம்தான் டேக்கிள். அங்கே தாமதமானால் கை மட்டும் நீளும், நீண்ட கையை உதறிவிட்டு ஓடுவது எந்த ரன்னிங் பேக்குக்கும் பெரிய வேலையில்லை. அந்தப் பிடியிலிருந்து விடுபடுவதற்கு மட்டும் எதிரில் நிஜ ஆள் வேண்டும். அதற்காகத் தரையில் விழ வேண்டும் என்பதில்லை.

இப்போது காலுக்கு வருகிறேன். சில வருஷம் முன்னால் ஓர் ஆகஸ்ட் காலையில் ஒரு கல்லூரிப் பயிற்சியை வேலி ஓரம் நின்று பார்த்தேன். நாலு கோன் வைத்து ஒரு சதுரம், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு யார்டு இருக்கும். ஒரு மூலையில் பந்தோடு ரன்னிங் பேக், எதிர் மூலையில் சேஃப்டி. கோச் ஒரு முழங்காலைப் புல்லில் ஊன்றி உட்கார்ந்திருந்தார், கண் முழுக்கப் பையனின் ஷூ மேல். முதல் பையன் புயல் மாதிரி வந்தான், ஓடி வந்தவன் இடது தோளை ஒரு வெட்டு வெட்டிக் காட்டிவிட்டு வலது பக்கம் போய்விட்டான், இவன் கை காற்றைத் துழாவியது. இரண்டாவது பையன் முதல் ஏழெட்டு யார்டைப் பாய்ந்து கடந்தான், அப்புறம் இடுப்பைத் தாழ்த்திச் சின்னச் சின்ன அடியாக வைத்தான், ஓடுகிறவனுக்கு நேர் எதிரில் வராமல் அரை உடம்பு உள்பக்கமாகவே வந்தான். ஓடுகிறவனுக்கு மைதானத்தின் நடுப்பக்கம் அடைபட்டுவிட்டது, கோட்டுப் பக்கம் ஒரே ஒரு வழி. அந்த வழியில் இவன் கிட்டத்துக் காலை ஊன்றி, கிட்டத்துத் தோளை அவன் தொடை மேல் வைத்து, இரண்டு கையாலும் சுற்றினான். விசில். அது தட், அதனால் ஓடினவன் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "ச்சே, விட்டுட்டான்" என்றார். கோச் எழுந்து நின்று கைதட்டினார்.

அந்தக் கிட்டத்துக் கால், கிட்டத்துத் தோள் என்பதுதான் இன்றைக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் சொல்லித்தரும் பாடம். 2014-ல் தொழில்முறை அணியான சியாட்டில் சீஹாக்ஸின் அப்போதைய கோச் பீட் கேரல், ரக்பி ஆட்டத்திலிருந்து எடுத்த தோள் டேக்கிள் முறையை வீடியோவாக எல்லோருக்கும் விட்டார், தலையை ஆயுதமாக்காமல் தோளால் பிடித்து, தொடையைக் கட்டி, தேவைப்பட்டால் அப்படியே உருண்டு சாய்ப்பது. அதே 2014 சீசனில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக டிஃபென்ஸுக்குக் கோச் கிறிஸ் ஆஷ் இந்தப் பாணியைக் கொண்டுவந்தார், அணி தேசிய சாம்பியன் ஆனது. சாம்பியன் ஆனதற்கு டேக்கிள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஜெயித்தவன் செய்வதை எல்லோரும் காப்பி அடிப்பார்கள் அல்லவா, அதற்குப் பிறகு பயிற்சி மைதானங்களில் பெரிய நுரை வளையங்கள் உருள ஆரம்பித்தன. ஒருவன் வளையத்தை உருட்டிவிடுவான், இன்னொருவன் துரத்திப் போய்த் தோளால் இடித்துக் கட்டிக்கொண்டு உருளுவான். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும்.

இதில் கோச்சுகளுக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து உண்டு. பழைய பாடம், தலை ஓடுகிறவனுக்கு முன்னால் குறுக்கே போக வேண்டும் என்பது, உன் உடம்பே சுவராகிவிடும், அவன் கையை மட்டும் உதறிவிட்டுப் போக முடியாது. புதுப் பாடம், தலை அவனுக்குப் பின்பக்கம் இருக்கட்டும், தோள் வேலை செய்யட்டும் என்பது. பின்பக்கம் வைத்தால் சில பேர் கையோடு இழுபட்டு நழுவிவிடுகிறார்கள், பழைய கோச்சுகள் முணுமுணுப்பது இதைத்தான், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் தலையை முன்னால் கொண்டுபோனால் முழங்கால் வந்து தாக்குவது தலையில். 2013 முதல் டார்கெட்டிங் விதியில் ஆளை வெளியே அனுப்பிவிடுகிறார்கள், ஹெல்மெட் உச்சியால் முட்டினால் ஆட்டம் முடிந்தது. நல்ல சேஃப்டி ஒருவனை அப்படி இழப்பதைவிட மூன்று யார்டு கூடுதலாகப் போகட்டும் என்று நினைக்கிற கோச்சைக் குறை சொல்ல முடியாது.

டேக்கிள் மோசமாக இருந்தால் ஒரு நல்ல அணிக்கு என்ன ஆகும் என்பதற்கு சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது யு.எஸ்.சி.தான் உதாரணம். 2022-ல் தலைமைக் கோச் லிங்கன் ரைலியின் அஃபென்ஸ் பந்தயக் குதிரை மாதிரி ஓடியது, ஆனால் டிசம்பரில் பேக்-12 லீகின் இறுதி ஆட்டத்தில் யூட்டாவிடம் 47-24 என்று தோல்வி. பாதி ஆட்டத்தில் 17-17, அப்புறம் யூட்டாவின் மணி பார்க்ஸ் ஒரு பாஸைப் பிடித்து, கட்டிய கைகளிலிருந்தெல்லாம் வழுக்கிக்கொண்டு 57 யார்டு போனான், அதற்குமேல் அந்த டிஃபென்ஸ் எழுந்திருக்கவில்லை. ஒரு மாசம் கழித்து காட்டன் பவுல் என்ற ஆட்டத்தில் டுலேனோடு, நாலரை நிமிடம் மிச்சமிருக்கும்போது 45-30 என்று முன்னால் இருந்தும் 46-45 என்று தோற்றார்கள். டுலேனின் டைஜே ஸ்பியர்ஸ் 17 ஓட்டத்தில் 205 யார்டு. அடுத்த ஆகஸ்ட் முழுக்க, நீங்களும் நண்பர்களும் இப்போது போடுகிற அதே சண்டையை யு.எஸ்.சி. ரசிகர்கள் போட்டார்கள், பாஸ் அடிக்கிற அணியோடு தினமும் பயிற்சி எடுத்தால் டிஃபென்ஸ் மெத்தென்றுதான் ஆகும் என்று. 2023 நவம்பரில் வாஷிங்டனிடம் 52-42 என்று தோற்ற மறுநாள் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் அலெக்ஸ் கிரிஞ்ச் வெளியே போனார். 2024-ல் டான்டன் லின் வந்தார், ஆட்களும் நிறைய மாறினார்கள், ஆட்டத்துக்கு விடும் புள்ளிகள் சராசரியாக 34-லிருந்து 24-க்கு இறங்கின. தலைமைக் கோச் அதே ரைலிதான், தினமும் எதிரில் நின்றதும் அதே பாஸ் அடிக்கிற அஃபென்ஸ்தான். மெத்தென்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை குறைந்தது அதற்கப்புறம்தான்.

எண்களை நம்பி இறங்குவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. எத்தனை டேக்கிள் செய்தான் என்பது அதிகாரபூர்வக் கணக்கில் வரும், எத்தனை விட்டான் என்பது வராது, அதைத் தனியார் கம்பெனிகள்தான் வீடியோ பார்த்து எண்ணுகின்றன, எது தவறு என்பது எண்ணுகிறவர் கண்ணைப் பொறுத்தது. பாஸ்டன் காலேஜில் லூக் கீக்லி 2011-ல் ஒரே சீசனில் 191 டேக்கிள் எடுத்தார். அவர் லைன்பேக்கர், ஓட்டத்தின் வழியிலேயே நிற்பவர், அது பெருமை. ஆனால் ஒரு அணியில் சேஃப்டியின் டேக்கிள் எண்ணிக்கை லைன்பேக்கரைத் தாண்டிப் போகிறது என்றால் சேஃப்டியைப் பாராட்டுவதற்கு முன்னால், முன்வரிசையைத் தாண்டி ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக உங்கள் சேஃப்டி. நான்கு முறை விட்டான் என்றீர்கள், ஆனால் எந்தப் பக்கம் விட்டான் என்று எழுதவில்லை. சேஃப்டி தனியாகப் பிடிக்க வேண்டியதில்லை, தப்பவிட்டாலும் தன் ஆட்கள் ஓடி வருகிற பக்கமாகத் தப்பவிட வேண்டும் (நான் பார்த்த சதுரத்தில் துணைக்கு ஆள் இல்லை, அதனால்தான் அந்தப் பையன் கோட்டுப் பக்கம் தள்ளினான்). கபடியில் கார்னரில் நிற்பவன் காலைப் பிடித்துத் தாமதப்படுத்தினால் போதும், மற்றவர்கள் மேலே வந்து விழுவார்களே, அதே கதை. இவன் கையிலிருந்து நழுவியவன் நடுப்பக்கம் திரும்பி, அங்கே இரண்டு லைன்பேக்கர்கள் அவனைச் சாய்த்திருந்தால், விளையாட்டின் கணக்கில் நஷ்டம் நாலு யார்டு. வெளிப்பக்கம் விட்டு, கோட்டோரமாக ஆள் பறந்திருந்தால் அது ஆறு புள்ளி. முதல் வகையென்றால் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும், முதல் வருஷம் விளையாடாமல் உட்கார்ந்திருந்த பையனாக இருந்தால் இன்னும் ஒரு ஆட்டம் கூடுதலாகப் பிடிக்கலாம். இரண்டாவது வகையென்றால் அவன் இடத்தில் வேறொருவன் பெயர் வரும், கோச்சுகள் அதை உங்களுக்கு முன்னாலேயே பார்த்திருப்பார்கள்.

இரண்டாவது ஸ்க்ரிம்மேஜுக்கும் போவீர்கள் என்றால் பந்தைப் பார்க்காதீர்கள், அவனை மட்டும் பாருங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். கடைசி மூன்று யார்டில் அடி சின்னதாகிறதா, எந்தப் பக்கம் நிற்கிறான், இந்த இரண்டை மட்டும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்து எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.